பாட்டியோட பேச்சையும் அவங்க நிலத்தையும் ஒரே துணியில நெய்ய முடியுமா?

தறிப்பிரியை:
சின்ன ஃபிரேம் தறி வச்சிருக்கேன், சாதா நெசவும், கலர் நூலால படம் நெய்யுற டேப்ஸ்ட்ரியும் ஓரளவு வரும். பாட்டி இப்ப இல்ல, அவங்க பேசினது கொஞ்சம் ஃபோன்ல ரெக்கார்டா இருக்கு, முக்காவாசி அவங்க வளர்ந்த மலையடிவாரத்தைப் பத்திதான். அந்தப் பேச்சு, அந்த நிலம் ரெண்டும் ஒரே துணியில வரணும்னு ஆசை. எழுத்தை அப்படியே நெய்ஞ்சா போஸ்டர் மாதிரி ஆயிடுது, அது வேணாம். எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

மாத்திரை:
எழுத்தோட உருவத்தை விட்டுட்டு ஓசையோட நீளத்தைப் பிடிங்க. அடியில சாதா நெசவு, அதுக்கு மேல வேற கலர்ல தடியா ஒரு எக்ஸ்ட்ரா ஊடை, அதாவது குறுக்கா ஓடுற நூல். குறில் வந்தா ஒரு பாவு நூலுக்கு (தறியில நீளவாக்குல கட்டின நூல்) மேல, நெடில்னா மூணுக்கு மேல, அப்புறம் ஒண்ணுக்கு அடியில, இப்படியே போகட்டும், மெய்யெழுத்தைக் கணக்குல எடுக்க வேணாம். இலக்கணப்படி நெடிலுக்கு ரெண்டு மாத்திரைதான், ஆனா ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் துணியில வித்தியாசம் தெரியாது, அதான் மூணு. மூச்சு வாங்குற இடத்துல நூல் பின்பக்கம் போயிடட்டும். ஒவ்வொரு பேச்சு வரிக்கும் நடுவுல ரெண்டு வரிசை சாதா நெசவு போடுங்க, இல்லன்னா துணி தளர்ந்துடும்.

முக்கியமா, எழுதி வச்சுப் பாத்து நெய்யாதீங்க, ரெக்கார்டைக் கேட்டு நெய்யுங்க. "அம்மாடி"ன்னு எழுதினா அதுல ஒரு நெடில்தான் இருக்கு, பாட்டி அதை எவ்ளோ இழுத்தாங்களோ அந்த நீளம்தான் பாட்டி.

நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ் 1960கள்ல நியூயார்க் யூத மியூசியத்துக்காக சுவர்ல தொங்கவிடுற ஆறு துணி நெய்தாங்க, நாஜிகள் கொன்ன அறுபது லட்சம் யூதர்களோட நினைவா. அதுல நூல் கையெழுத்து மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒரு எழுத்து கூட படிக்க முடியாது, ஆனா யாரோ ஏதோ சொல்றாங்கன்னு பாத்தவுடனே தெரியும்.

அவுரிநீலம்:
நிலத்துக்கு என்னோட யோசனை: படத்தை 90 டிகிரி திருப்பிப் போட்டு நெய்யுங்க. டேப்ஸ்ட்ரில நேர்க்குத்துக் கோட்டுல ரெண்டு கலர் சந்திச்சா பிளவு விழும், மரமெல்லாம் அந்தத் தொல்லைதான். திருப்பிட்டா மரம் படுத்துக்கும், சுலபமா வரும். ஓடை இருந்தா அங்க மட்டும் பிளவைத் தைக்காம விடுங்க, வெளிச்சம் புகுந்து வரும், அழகா இருக்கும்.

சாயம் அந்த இடத்துச் செடியிலயே காய்ச்சுங்க. படிகாரம் போட்டா நிறம் நல்லாப் பிடிக்கும், இரும்பு கொஞ்சம் சேர்த்தா மங்கி இருளும், ஒரே இலையில ரெண்டு பொழுது கிடைச்சுடும். மஞ்சள் கிழங்குச் சாயத்துல தோய்ச்சது வெயில்ல சீக்கிரம் வெளுத்துடும், அதனால நிலைச்சு நிக்கணும்னு நினைக்கிற இடத்துல அதைத் தொடாதீங்க. பாட்டிக்கே சரியா ஞாபகம் இல்லாத இடம்னு ரெக்கார்ட்ல ஏதாவது வந்தா அங்க வேணும்னே மஞ்சள் போடலாம்.

கம்பளிக்காரன்:
மாத்திரை சொன்னதுல ஒரு விஷயம் மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். படிக்க முடியாத அழகு ஆல்பர்ஸுக்குப் பொருந்தும், இது குடும்பத்துத் துணி, படிக்க வழி இருக்கணும். தென் அமெரிக்காவுல இன்கா மக்கள் கணக்கு வச்ச கிப்புங்கிற முடிச்சுக் கயித்துல, முடிச்சுகள் ஒண்ணு, பத்து, நூறுன்னு இட மதிப்புல எண்களைச் சொல்லுதுன்னு 1912ல லேலண்ட் லாக்ங்கிற ஆராய்ச்சியாளர் காட்டினார், ஆனா எண் கணக்குல அடங்காத கிப்புகள் இன்னமும் யாருக்கும் பிடிபடல, ஏன்னா முடிச்சு நிக்குது, படிக்கத் தெரிஞ்ச ஆளுங்க போயிட்டாங்க. அதனால எந்த நீளம் எதுக்குன்னு ஒரு சின்னத் துணியில தைச்சு பின்பக்கம் ஒட்டிடுங்க.

தறிப்பிரியை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். திருப்பி நெய்ஞ்சா பேச்சு வரியும் திரும்பிடுமே, மாட்டும்போது மேலேர்ந்து கீழ ஓடுமா?

அவுரிநீலம்:
ஆமா, ஓடும். மலைச்சரிவுக்கு அது நல்லாவே பொருந்தும். முதல்ல ஒரு கை அகலத்துக்கு சாம்பிள் நெய்ஞ்சு போட்டோ போடுங்க, பாவு நெருக்கம் பாத்துட்டுச் சொல்றேன்.