வார்த்தை ஒன்றுதானே, அப்புறம் என்ன?

ராயபுரத்தான்: நேற்று பெரம்பூர்க்காரர் போட்டதைப் படித்து எனக்கு இட்லி இறங்கவில்லை. அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபையிலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயரைச் சொல்லித்தான் தண்ணீரில் முக்குகிறார்களாம். அதனால் அங்கே ஞானஸ்நானம் வாங்கியவர் நம் கத்தோலிக்கக் கோயிலுக்கு வந்தால் மறுபடி தண்ணீர் ஊற்றத் தேவையில்லையாம். ஐயா, 2001 ஜூன் 5. அந்த ஞானஸ்நானம் செல்லுமா என்று கேட்டதற்கு ரோம், அதாவது நம் திருச்சபைத் தலைமை, சொன்ன பதில் ஒரே வார்த்தை: இல்லை. கையெழுத்துப் போட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பிறகு பாப்பரசரானவர்.

பெரம்பூர்க்காரர்: வார்த்தை ஒன்றா, இல்லையா? நாம் சொல்லும் வார்த்தையும் அவர்கள் சொல்லும் வார்த்தையும் ஒன்றுதானே? அதை மட்டும் சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையிலிருந்து வந்த என் மருமகளுக்கு மறுபடி ஊற்றவில்லையே!

ராயபுரத்தான்: சி.எஸ்.ஐ. வேறு, இது வேறு. பிதாவுக்கும் சுதனுக்கும் எலும்பும் சதையுமாகத் தனித்தனி உடல் உண்டு என்பது அவர்கள் போதனை. நீங்கள் சொல்லும் பிதா அவர்கள் சொல்லும் பிதா இல்லை. 2001 ஜூன் 5.

பெரம்பூர்க்காரர்: தேதி கேட்கவில்லை. வார்த்தை ஒன்றா?

கல்மண்டபம் அக்கா: தம்பிகளா, மூவொரு கடவுள், அதாவது மூன்று ஆளாய் இருக்கும் ஒரே கடவுள், என்று நாம் எதைச் சொல்கிறோம், அவர்கள் எதைச் சொல்கிறார்கள்? அங்கிருந்து தொடங்கினால் தீர்ந்துவிடுமே.

காசிமேட்டுப் பையன்: எங்கள் வீட்டுக்கு ஒருமுறை அந்த மார்மன் சபையிலிருந்து வெள்ளைச் சட்டை, கறுப்பு பேட்ஜோடு இரண்டு பேர் வந்தார்கள். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றார்கள். காபியும் வேண்டாமாம். வெறும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா இன்றுவரை மறக்கவில்லை.

பெரம்பூர்க்காரர்: 1833ல் அவர்களுக்கு அறிவுரையாக வந்தது, பிறகு கட்டுப்பாடானது. சாராயம், சிகரெட்டும் கிடையாது. நம் திருவிழா முடிந்த மறுநாள் தெருவில் கிடக்கும் பாட்டில்களை எண்ணிவிட்டு அவர்களைக் கிண்டல் செய்யலாம்.

ராயபுரத்தான்: பேச்சை மாற்றாதீர்கள். ராயபுரத்தில் எங்கள் ராயப்பர், அதாவது புனித பேதுரு, கோயிலைப் படகுக்காரர்கள் கட்டியது 1829. ஜோசப் ஸ்மித் சபை தொடங்கியது 1830. எங்கள் கோயில் சுவருக்கே அந்த மதத்தைவிட வயசு அதிகம்!

பெரம்பூர்க்காரர்: ஆரம்பித்துவிட்டார். எதைப் பேசினாலும் ராயபுரத்தில்தான் வந்து நிற்கும். வயசுதான் கணக்கென்றால் நாம் எல்லோரும் யூதர்களாக இருந்திருக்க வேண்டும்.

ராயபுரத்தான்: பெரம்பூர் லூர்து மாதா கோயில்காரர்களுக்கு எப்போதும் எங்கள்மேல் ஒரு எரிச்சல்.

எண்ணூர் வாத்தியார்: ஒரு திருத்தம். பிதா, சுதன் என்பதெல்லாம் பழைய வழக்கு. இப்போது தந்தை, மகன், தூய ஆவியார்.

ராயபுரத்தான்: வாத்தியாரே, என் பாட்டி பிதா சுதன் என்று சொல்லித்தான் மோட்சம் போனார். நீங்கள் தாள் திருத்துங்கள்.

காசிமேட்டுப் பையன்: செத்தவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார்களாமே, உண்மையா?

ராயபுரத்தான்: உண்மை. உயிரோடிருப்பவர் அவர்களுக்குப் பதிலாக முங்குவார். அப்படி முங்க இறந்தவர்களின் பெயர் தேடித்தான் நம் பங்குக் கோயில் பதிவேடுகளைப் படமெடுத்து வைத்தார்கள். 2008ல் ரோம் ஆயர் பேரவைகளுக்கு எழுதியது, மறைமாவட்டங்கள் பதிவேட்டைக் கொடுக்கக் கூடாது என்று. யாருக்குத் தெரியும், என் பாட்டி பெயரையும் எடுத்திருப்பார்களோ என்னவோ!

பெரம்பூர்க்காரர்: நாமும் செத்தவர்களுக்குப் பூசை வைக்கிறோம். அவர்கள் முங்கினால் மட்டும் குற்றமா?

ராயபுரத்தான்: பூசையும் ஞானஸ்நானமும் ஒன்றா? ஞான உபதேச வகுப்பில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

பெரம்பூர்க்காரர்: உங்களுக்கு முன் பெஞ்சில். நீங்கள் என் முதுகைப் பார்த்துத்தான் எழுதினீர்கள்.

கல்மண்டபம் அக்கா: நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எண்ணூர் வாத்தியார்: ஞானஸ்நானம் என்பதும் பழைய சொல். திருமுழுக்கு.

ராயபுரத்தான்: திருமுழுக்கோ ஞானஸ்நானமோ, 2001 ஜூன் 5. இல்லை என்றால் இல்லை.

பெரம்பூர்க்காரர்: வார்த்தை ஒன்றா, இல்லையா?