மறு: டெனிப்ரிசம்: 'ஒளிநிழல்' போதாதா?

> கியரோஸ்குரோ, டெனிப்ரிசம் இரண்டையும் 'ஒளிநிழல்' என்றே சொல்லிவிடலாமே. எதற்கு இன்னொரு சொல்?

ஐயா, ஓவியக்கலையின் கியரோஸ்குரோவுக்குத் தமிழில் 'ஒளிநிழல்' சரி. கன்னத்தின் உருட்சியையும் துணியின் மடிப்பையும் காட்ட வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகிற வேலை அது. டெனிப்ரிசம் என்பது படத்தின் பெரும்பகுதியை இருட்டில் மூழ்கடித்து, சில இடங்களில் மட்டும் ஒளியைப் பாய்ச்சுவது. அதற்கும் அதே சொல்லை வைத்தால் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவைப் பற்றி நாலு வரி எழுத முடியாது.

ரோமில் சான் லூயிஜி தேவாலயத்துக்குள் இருக்கும் ஒரு சிற்றாலயத்துக்காக அவர் 1599-1600இல் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' படத்தையே பாருங்கள். வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு சீடராக அழைக்கிற காட்சி. ஆயத்துறையில் மேசையைச் சுற்றி ஐந்து பேர், ஓவியர் காலத்து உடுப்பில். வலது ஓரத்தில் இயேசுவும் பேதுருவும், பழைய அங்கியோடு, வெறுங்காலோடு. அழைப்பவரே இயேசுதான், ஆனால் அவர் உடம்பை பேதுரு பாதி மறைக்கிறார், மீதியை இருட்டு விழுங்கிவிடுகிறது. நமக்குக் கிடைப்பது முகத்தில் ஒரு பக்கமும் நீட்டிய கையும்தான். அந்தக் கையும் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கை மாதிரியே மணிக்கட்டில் தளர்ந்து நிற்கிறது.

சுவரில் பெரிதாக ஒரு ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் அதன் வழியாக வரவில்லை. படத்துக்கு வெளியே வலப்பக்கத்திலிருந்து, இயேசுவின் தலைக்கு மேலாகச் சாய்வாக இறங்கி, மேசைக்காரர்களின் முகத்தில் விழுகிறது. அதாவது கை போகிற திசையிலேயே ஒளியும் போகிறது. (அந்தச் சிற்றாலயத்தின் நிஜ ஜன்னலும் பீடத்துக்கு மேலே, படத்துக்கு வலப்பக்கம்தான்.) மேல்பாதி கிட்டத்தட்ட வெறும் சுவரும் இருட்டும். இங்கே உருட்சி காட்டவா இருள் வந்தது? யாரைக் காட்டுவது, யாரை மறைப்பது என்று முடிவு செய்வதே அதுதான்.

மேசையில் இருப்பவர்களில் மத்தேயு யார்? விரல் நீட்டும் தாடிக்காரர் தன்னைச் சுட்டுகிறாரா, மேசைக் கோடியில் குனிந்து காசு எண்ணும் இளைஞனைச் சுட்டுகிறாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. என் ஓட்டு தாடிக்காரருக்கு. அதே சிற்றாலயத்தின் மற்ற இரண்டு படங்களிலும் மத்தேயு தாடியோடுதான் இருக்கிறார். ஆனால் இளைஞனின் முகம் நிழலில் கிடப்பதால்தானே இந்தச் சந்தேகமே வந்தது!

> 'ஒளிவெட்டு' எப்படி?

மின்வெட்டுதான் நினைவுக்கு வருகிறது, அம்மா.

> 'இருண்மை'?

அழகான சொல்தான், ஆனால் கவிதை விமர்சகர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'இருண்மை ஓவியம்' என்றால் புரியாத ஓவியம் என்று அர்த்தமாகிவிடும்.

என் பரிந்துரை 'இருட்பாணி'. இத்தாலிய மூலமும் இருளைத்தான் குறிக்கிறது. 'பாணி' ஓவியத்துக்குப் பழகிய சொல். ஸ்பானிய ஓவியர் ரிபேரா போன்றவர்களை 'இருட்பாணி ஓவியர்' என்று சொல்லலாம், நாக்கு தடுக்கவில்லை. 'இருள்பாணி' என்று பிரித்து எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் தெ லா தூர் படங்களில் மெழுகுவர்த்தி படத்துக்குள்ளேயே எரிகிறது. அதையும் இதிலேயே அடக்கலாமா, 'சுடரொளி ஓவியம்' என்று தனியாக வைக்கலாமா? ஓவியம் படித்தவர்கள் சொல்லுங்கள்.