மூக்குல 44 கிராம் ஈயம்! 1 மீட்டர் டிஎல்ஜியில எங்கே எடையைக் குறைக்கலாம்?

பொள்ளாச்சி கயல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க கிளப்ல ஆளுக்கொரு டிஎல்ஜி கிளைடர் கட்டிட்டு இருக்கோம், அதாவது இறக்கை முனையைப் பிடிச்சுச் சுத்தி வீசற, ரிமோட்டுல ஓட்டற மாடல் விமானம். என்னோடது பால்சாங்கற லேசான மரம், வாலைத் தாங்கற பூம் மட்டும் கார்பன் குழாய். எல்லாம் மாட்டி எடை போட்டா 265 கிராம். அதுல 44 கிராம் மூக்குல திணிச்ச ஈயம். அது இல்லாட்டி சிஜி (எடை மையம்) சரியான இடத்துக்கு வரவே மாட்டேங்குது. வால்ல நிமிர்ந்து நிக்கற ஃபின், படுக்கை வால்ல மேல கீழ அசையற எலிவேட்டர் ரெண்டும் 3 மி.மீ பால்சா, மேல அயர்ன் பண்ற ஃபிலிம், சேர்த்து 21 கிராம். இறக்கைக்குள்ள இருக்கற ரிப்பு சட்டத்துல எல்லாம் ஓட்டை போட்டு இறக்கையை லேசாக்கச் சொல்றாங்க. போடலாமா? சிஜியில இருந்து வால் 56 செ.மீ, ஈயம் 19 செ.மீ.

பால்சா மாமா:
இறக்கையில கை வைக்காத கண்ணு. ஓட்டை போட்டு மிஞ்சிப் போனா ரெண்டு மூணு கிராம் குறையும்; பலமா வீசற அன்னிக்கு சடக்குன்னு மடங்கிரும்.

விடை உன் கடைசி வரியிலேயே இருக்குது. 56ஐ 19ஆல வகுத்துப் பாரு, கிட்டத்தட்ட 3. வால்ல ஒரு கிராம் ஏத்தினா மூக்குல மூணு கிராம் தண்டம் கட்டணும். அதையே திருப்பிப் போடு: வால்ல 11 கிராம் எடுத்தீன்னா ஈயம் 32 கிராம் வெளிய வந்துரும். 222க்கு இறங்கிட்ட.

மொதல்ல அந்த ஃபிலிமை உரி. வாலுக்கு அது ஆகாது. ஆசாரிங்க மரத்துக்கு அடிக்கிற சாண்டிங் சீலரைத் தின்னர் விட்டு நல்லாத் தண்ணியாக்கி ஒரே ஒரு கோட்டு, காஞ்சதும் 400 நம்பர் தாள். போதும்.

அடுத்தது மரம். 2 மி.மீ கனம், 100 மி.மீ அகலம், 1 மீட்டர் நீளத்துல ஒரு ஷீட் 20 கிராமும் இருக்கும், பக்கத்துல இருக்கறது 35 கிராமும் இருக்கும். விலை ரெண்டுக்கும் ஒண்ணுதான். நகை நிறுக்கற சின்னத் தராசு சட்டைப் பையில இல்லாம நான் கடைக்குப் போறதே இல்லை. கடைக்காரர் முறைப்பாரு, முறைச்சுட்டுப் போகட்டும். லேசான ஷீட்டை வாலுக்கு எடு, கனமானதை ஃபியூசலாஜுக்கு (உடம்புக்கு) வெச்சுக்க.

ஃபின்ல மட்டும் ரொம்பக் கஞ்சத்தனம் வேண்டாம். கையை விட்டதும் கிளைடர் பக்கவாட்டுல திரும்பப் பாக்கும், அந்த அடி மொத்தமும் ஃபின் மேலதான் விழும். அடிப்பாகத்துல ரெண்டு பக்கமும் மெல்லிசு கிளாஸ் துணி ஒட்டி, எபாக்ஸியை டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுத்துரு. துணி நனைஞ்சிருந்தாப் போதும், பளபளன்னு நின்னா அது வெறும் எடை.

எலிவேட்டரைத் தள்ளி இழுக்க என்ன, கம்பி புஷ்ராடா?

பொள்ளாச்சி கயல்:
ஆமாங்க மாமா. பூம் நெடுக 1 மி.மீ கம்பி.

பால்சா மாமா:
அதையும் கழட்டு. பின்னல் போட்ட தூண்டில் நரம்பு ஒத்தை இழை பூமுக்குள்ள ஓடட்டும். கிடார் முதல் தந்தி, 0.25 மி.மீ இருக்கும், அதுல ஒரு துண்டு வெட்டி 'ப' மாதிரி வளை. ஒரு காலை வால் இறக்கைக்குள்ள குத்து, இன்னொன்னை எலிவேட்டருக்குள்ள. நூல் ஒரு பக்கம் இழுக்கும், தந்தி மறுபக்கம் தள்ளும். நூலை இழுக்கற குட்டி மோட்டார் சர்வோவை ஆஃப் பண்ணி விரலால எலிவேட்டரைத் தொட்டுப் பாரு. லொடலொடன்னு இருந்தா 'ப'வைக் கொஞ்சம் விரிச்சுக் குத்து, இல்லேன்னா வீசற வேகத்துல படபடக்கும்.

திருச்சி தெர்மல்:
மீதி ஈயத்துக்குப் பதிலா கொஞ்சம் பெரிய பேட்டரியை மூக்கு நுனிக்குத் தள்ளுங்க. எப்படியும் சுமக்கற எடை, பறக்கற நேரமாவது கூடும். 250 கிராமுக்குள்ள வந்தா 2021 ட்ரோன் விதிகள்ல நானோ வகை, ரிமோட் பைலட் சான்றிதழ் கேக்க மாட்டாங்க. அதுக்காக எங்க வேணாப் பறக்கலாம்னு இல்லை. சூலூர் விமானப்படைத் தளம் உங்க பக்கம்தானே, அரசோட டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்துல உங்க மைதானம் எந்த மண்டலம்னு பாத்துக்கோங்க.

பொள்ளாச்சி கயல்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆரம்பிச்சா இங்க நிக்கவே முடியாது. இவ்வளவு லேசாக்கினா ஆடி மாசம் என்ன பண்றது?

பால்சா மாமா:
ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், உன் கிளைடர் உடுமலைக் காத்தாலையில போய் மாட்டும்! அதுக்கு பேலஸ்ட் இருக்குது, வேணுங்கறப்ப மட்டும் ஏத்தற எடை. சரியா சிஜி இருக்கற இடத்துல, இறக்கைக்கு அடியில ஒரு சின்னக் குழாய் இப்பவே ஒட்டி வெச்சுரு. காத்து அடிக்கறப்ப பித்தளைத் துண்டு 30 கிராமோ 40 கிராமோ அதுல போட்டு மூடு. சிஜி நகராது, எதிர்காத்துல முன்னேறும். காத்து நின்னா எடுத்துரலாம். வால்ல ஏத்தின எடையை அப்படி எடுக்க முடியாதே. இதுக்காகத்தான் எஃப்3கேங்கற டிஎல்ஜி உலகப் போட்டி ஆளுங்களும், 1.5 மீட்டர் இறக்கை, 600 கிராம் வரைக்கும் விதியில இடம் இருந்தும், வெறும் கிளைடரை அதுல பாதிக்கும் கீழ கட்டறாங்க.

வாலைக் கட்டி முடிச்சதும் எடை சொல்லு. 10 கிராம் தாண்டுச்சுன்னா ஃபோட்டோ போடு, எங்க பசை கொட்டியிருக்குன்னு பாக்கறேன்.