கலைச்சொல்: மெடிகேர், மெடிகெய்ட் இரண்டுக்கும் உரியவரை எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மெடிகேர் (முக்கியமாக 65 வயதைக் கடந்தோருக்கானது), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தோருக்கானது) ஆகிய இரண்டு அரசு மருத்துவக் காப்பீடுகளுக்கும் ஒருசேரத் தகுதி பெற்றவர் 'டூயல் எலிஜிபிள்'. அங்குள்ள தமிழ் மூத்தோருக்கான கையேட்டின் வரைவில் 'இரட்டைப் பயனாளி' என்று இருக்கிறது. பொருந்துமா?

*

பொருந்தாது ஐயா. பயன் இருமடங்கு என்று படிப்பவர் எண்ணிவிடுவார். பில் முதலில் மெடிகேருக்குப் போகிறது. டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டவேண்டிய தொகை) கட்டி முடித்திருந்தால், மெடிகேர் ஏற்கும் 100 டாலர் டாக்டர் கட்டணத்தில் 80 டாலரை அது கொடுக்கும். மிச்சம் 20 டாலர்தான் மெடிகெய்ட் பக்கம் வரும். சட்டப்படி அது கடைசியாகப் பணம் கொடுக்கும் தரப்பு. நீண்டகால முதியோர் இல்லப் பராமரிப்பு போல மெடிகேர் ஏற்காத செலவுகளில்தான் மெடிகெய்டின் அருமை தெரியும். 'இருதிட்டத் தகுதியர்' என்பது என் பரிந்துரை.

*

'தகுதியர்' எனக்கும் சம்மதம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நின்றால் படிப்பவருக்கு நட்டம் வரும். இவர்களில் இரு வகை உண்டு. மெடிகெய்டின் எல்லாச் சேவைகளும் பெறுபவர் ஒரு வகை. மெடிகேர் செலவுக்கு மட்டும் மாநில உதவி பெறுபவர் இன்னொரு வகை.

இரண்டாம் வகைக்குள்ளும் படிகள் இருக்கின்றன. வருமானம் வறுமைக்கோட்டின் 100 விழுக்காட்டுக்குள் இருந்தால் கியூ.எம்.பி. என்ற உதவித் திட்டம்: பிரீமியம், டிடக்டிபிள், அந்த 20 விழுக்காடு எல்லாமே அதில் அடங்கும். 120 வரை எஸ்.எல்.எம்.பி., 135 வரை கியூ.ஐ.: இவற்றில் டாக்டர் கட்டணம் போன்றவற்றுக்கான மெடிகேர் பிரிவாகிய பகுதி பி-யின் பிரீமியம் (2025இல் மாதம் 185 டாலர்) மட்டுமே. சில மாநிலங்கள் வரம்பை உயர்த்தியுள்ளன.

கியூ.எம்.பி. உள்ளவரிடம் மெடிகேர் ஏற்கும் சேவைக்கு டாக்டர் மிச்சக் கட்டணம் கேட்கக்கூடாது; கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது. அப்படியும் பில் வரும், ஏனென்றால் பல அலுவலகங்கள் மெடிகேர் அட்டையை மட்டும் பார்த்துப் பதிந்துவிடுகின்றன. இரண்டு அட்டைகளையும் காட்ட வேண்டும். பில் வந்தால் பணம் கட்டாமல், மெடிகேர் அனுப்பும் சுருக்க அறிக்கையில் 'கியூ.எம்.பி.' என்ற குறிப்பைக் காட்டித் திருத்தச் சொல்ல வேண்டும். எஸ்.எல்.எம்.பி. மட்டும் உள்ளவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவருக்கு வரும் 20 டாலர் பில் அவர் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே 'முழு இருதிட்டத் தகுதியர்', 'பகுதி இருதிட்டத் தகுதியர்' எனப் பிரிக்கலாம்.

*

'பகுதி' வேண்டாமே. பகுதி ஏ (மருத்துவமனைச் செலவு), பகுதி பி என்று மெடிகேரிலேயே அந்தச் சொல் புழங்குகிறது. பகுதி பி மட்டும் உள்ளவர் என்று படித்துவிடுவார்கள். அவர் பெறுவதையே பெயராக்கி 'கட்டண உதவித் தகுதியர்' எனலாம்.

பிள்ளைகள் அழைத்து கிரீன் கார்டில் வந்த பெற்றோரையும் கையேடு மறக்கக்கூடாது. 65 வயதுக்கு மேல், ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருந்தால், அமெரிக்காவில் வேலை பார்க்காதவரும் பகுதி ஏ-யைப் பணம் கட்டி வாங்கலாம். 2025இல் அது மாதம் 518 டாலர் வரை. கியூ.எம்.பி. கிடைத்தால் அதையும் மாநிலமே கட்டும். எந்த வரிசையில் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சில மாநிலங்களில் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் 'கியூ.எம்.பி. கிடைத்தால் மட்டும்' என்று பதிந்த பிறகே மாநிலத்தில் விண்ணப்பிக்க முடியும். மற்றவற்றில் எந்த மாதமும் முடியும். கலிபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் இந்த வழிக்கு வந்துவிட்டது. அந்த முதல் வகைப் பதிவுக்கு 'நிபந்தனைப் பதிவு' போதும்.

*

'கட்டண உதவித் தகுதியர்' அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். இன்னும் ஒரு சொல் தேவை. இருதிட்டத் தகுதியருக்கென்றே தனியார் நிறுவனங்கள் நடத்தும் டி-ஸ்னிப் காப்பீட்டில் இருப்பவர், மெடிகெய்ட் புதுப்பிப்புப் படிவத்தைத் திருப்பி அனுப்பாமல் தகுதி இழந்தால், உடனே வெளியே தள்ளப்படுவதில்லை. மீண்டும் தகுதி பெறுவார் என்று தோன்றினால், நிறுவனத்தைப் பொறுத்து 30 நாள் முதல் ஆறு மாதம் வரை உறுப்பினராகவே வைத்திருப்பார்கள். ஆனால் அந்த நாள்களில் மெடிகெய்ட் கட்டிவந்த பங்கு உறுப்பினர் தலையில் விழலாம். இந்த இடைக்காலத்தைச் 'சலுகைக் காலம்' என்றால் செலவே இல்லை என்று தொனிக்கிறது. 'மீள்தகுதி அவகாசம்' என்று வைத்து, அவகாசம் எத்தனை நாள் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லும் வரியையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.