பிலிப்பா வழக்கு: இடைக்கால இத்தாலியக் கதைகளில் நீதி

தில்லியில் சட்டம் படிக்கிறேன். 2018இல் உச்ச நீதிமன்றம் கள்ள உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை ரத்து செய்த தீர்ப்பைப் படித்ததிலிருந்து, பழைய இத்தாலிய இலக்கியத்தில் இப்படி வழக்கு ஏதாவது உண்டா என்று தேடுகிறேன்.

பதில் 1: பொக்காச்சியோவின் டெக்கமரான் (பத்து நாளில் சொல்லப்படும் கதைகளின் தொகுப்பு), ஆறாம் நாள், ஏழாம் கதை. பிராட்டோ ஊரில் கள்ள உறவில் பிடிபட்ட மனைவியை எரிக்கச் சட்டம். அப்படிப் பிடிபட்ட பிலிப்பா ஓடி ஒளியாமல் நீதிபதி முன் நின்று, இந்தச் சட்டம் பெண்களை மட்டும்தான் கட்டுகிறது, போடும்போது எங்களில் ஒருத்தியையும் கேட்கவில்லையே என்கிறாள். ஊரே அவள் பக்கம் சாய்ந்து சட்டத்தைத் திருத்துகிறது.

பதில் 2: திருத்தம் அரைகுறைதான், காசுக்காகச் செய்பவளுக்குத் தீ அப்படியே இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது.

பதில் 3: அப்புறம் இத்தாலியக் கவிஞர் தாந்தேயையும் பாருங்க. 1302இல் அவர்மேல் லஞ்சக் குற்றம் சாட்டி, பிளாரன்ஸ் ஆட்சியிடம் சிக்கினால் எரிப்போம் என்று தீர்ப்பு. அவரோ தன் ‘நரகம்’ காவியத்தில் லஞ்சப் பேர்வழிகளைக் கொதிக்கும் தாரில் அமுக்குகிறார். 21, 22ஆம் காண்டங்கள்.