எஸ்பிரெசோ கிரைண்டர் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை

கேள்வி:
வணக்கம். வீட்டில் எஸ்பிரெசோவுக்கென வைத்திருக்கும் என் கிரைண்டரில், காப்பிக் கொட்டை இல்லாதபோது மோட்டார் தயங்கித் தயங்கிச் சுற்றத் தொடங்குகிறது; கொட்டையைப் போட்டுவிட்டாலோ உறுமிக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறது. மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாக வாங்குவதே மேல் என்கிறார் பழுதுபார்ப்பவர். கருகல் வாடை ஏதும் இல்லை. நானே சரிசெய்ய இயலுமா?

மறுமொழி 1:
வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்) எரிந்திருந்தால் பெரும்பாலும் வாடையே காட்டிக்கொடுத்திருக்கும். தாங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சிங்கிள் பேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் தானாகக் கிளம்பாது. துணை வைண்டிங்கில் பாயும் மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் சற்று முன்தள்ளிக் கொடுப்பதால்தான் அது சுற்றத் தொடங்குகிறது. கெப்பாசிட்டர் தேய்ந்த சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதும் இதனால்தான். பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் ஒரு ரெசிஸ்டர் வழியே இணைத்து, எஞ்சிய மின்னேற்றத்தை வடித்த பிறகே கையால் தொடவும். (ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம்.) பிறகு ஒரு வயரைக் கழற்றிவிட்டு, கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. கெப்பாசிட்டரின் உறையில் 12.5 மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு), 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது; மீட்டரோ 6.8 காட்டுகிறது. கடையில் 15 மைக்ரோஃபாரட்தான் உள்ளது. போடலாமா?

மறுமொழி 2:
போட வேண்டாம். மைக்ரோஃபாரட் கூடினால் துணை வைண்டிங்கில் மின்னோட்டம் மிகுந்து மோட்டார் சூடேறும், எனவே 12.5 கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். வோல்ட் அளவு 450-க்குக் குறையாமல் இருந்தால் போதும், கூடினால் தவறில்லை.

கிரைண்டரைத் திறந்திருப்பதால் கொட்டையை அரைக்கும் பர் தகடுகளையும் கழற்றித் துடைத்துவிடுங்கள். கருமையாக வறுத்த கொட்டையின் எண்ணெயும் தூளும் சேர்ந்து ஸ்க்ரூ குழிகளிலும் தகட்டின் அடியிலும் இறுகியிருக்கும். அதன்மேல் தகட்டை முடுக்கினால் அது ஒருபக்கம் தூக்கி நின்று தூள் ஒரே சீராக வராது, எஸ்பிரெசோவும் ஒரு பக்கமாகப் பீய்ச்சும். நீரில் கழுவாதீர்கள், துருப்பிடிக்கும்; தூரிகை போதும். நடு நட்டு சில மாடல்களில் இடது மறையாக (வலப்பக்கம் திருகினால் கழலும் வகை) இருக்கும் என்பதால், திருகுமுன் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் பூட்டியபின், அரைப்பு அளவுக்கு வைத்திருந்த பழைய எண் செல்லாது. கொட்டையின்றி ஓடவிட்டு, தகடுகள் மெல்ல உரசும் ஓசை கேட்கும் இடத்தைப் பூச்சியமாகக் கொண்டு உடனே பின்னே திருப்புங்கள். பிறகு 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி 25 முதல் 30 வினாடிக்குள் இறங்கும்வரை சிறிது சிறிதாக நகர்த்தி வாருங்கள்.