வெளி விளையாட்டு என்றால் ஆசிரியர்கள் தயங்குவது ஏன்?

கேள்வி:
நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறேன். வெளி விளையாட்டு அவசியம் என்று உடன் பணிபுரியும் அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும் ஒரு குழந்தை ஏணியின் மூன்றாம் படியில் கால் வைத்ததுமே "இறங்கு, விழுந்துவிடுவாய்" என்ற குரல் எழுகிறது. இத்தயக்கத்தை எவ்வாறு போக்குவது?

மறுமொழி 1:
அக்குரலுக்குக் காரணம் பெரும்பாலும் பழி தன்மேல் விழுமோ என்ற அச்சமே. சிறு சிராய்ப்புக்கும் விளக்கம் கேட்கும் பெற்றோரும், துணை நிற்காத நிர்வாகமும் இருந்தால், எந்த ஆசிரியரும் குழந்தைகளை உள்ளேயே அமர்த்திவிடத்தான் பார்ப்பார். நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் 2007இல் துணிகர விளையாட்டை உயரம், வேகம், மல்லுக்கட்டு முதலிய ஆறு வகைகளாகப் பிரித்தார். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினால், எது ஆபத்து, எது குழந்தை தானே எடைபோடக்கூடிய சவால் என்பது உங்களுக்குள் தெளிவாகும்.

மறுமொழி 2:
வெளிநேரத்தை வெறும் இடைவேளையாகக் கருதும் போக்கும் உண்டு. அது எனக்கு வருத்தமளிக்கிறது. 3, 4 வயதினருக்கு நாள்தோறும் குறைந்தது 180 நிமிட உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. நாற்காலியில் அமர்த்தி வைத்து அதை எப்படி எட்டுவது?

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று குரல் கொடுக்காமல் ஏணியடியில் நின்றேன். ஏறிய சிறுமி நான்காம் படியில் நின்று கீழே பார்த்தாள். பிறகு ஒரு காலால் படியைத் தடவித் தடவித் தானாகவே இறங்கினாள்.